கறுப்பும் நியானும் போட்டால் கேமிங் தளமா?

பிராட்வே, கொச்சி நகரின் எர்ணாகுளம் பகுதியிலுள்ள பழைய கடைத்தெரு. துணி, பை, பாத்திரம், பூ, மசாலா என்று நடைபாதை வரை சரக்கு வழியும். அங்கிருந்து மரைன் டிரைவ் பக்கம் நடந்தால் பென்டா மேனகா வளாகம். செல்போன், சார்ஜர், ஹெட்செட் வாங்கவும் பழுது பார்க்கவும் கூட்டம் மொய்க்கும் இடம் அது. அக்கரையில் உள்ள மட்டாஞ்சேரியிலிருந்தும் வருவார்கள். இந்த வட்டாரத்தில் கேம் டிஸ்க்கோ கன்ட்ரோலரோ விற்கும் ஒரு சிறு கடைக்காரர் இணையதளம் போட நினைத்தால், அவருக்குக் காட்டப்படும் முதல் மாதிரி பெரும்பாலும் ஒரே அச்சுதான். கரிக்கறுப்புப் பின்னணி, அதன் மேல் ஊதாவும் பச்சையும் நியானாக எரியும். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மேலே ஒரு பெரிய படம் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். கேமிங் என்றால் இப்படித்தான் என்று எல்லோரும் நம்புகிறார்கள்.

வெயிலில் ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக நின்று விலையைப் படிக்க முயல்கிறவரை வைத்துத்தான் தளத்தின் நிறத்தையும் அமைப்பையும் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கேமுக்குள் இரவா பகலா என்பது அவருக்குப் பொருட்டில்லை.

நம்பிக்கை: கேமிங் தளம் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதில் ரசனையைவிடக் கருவியின் வரம்பே அதிகம். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கறுப்பு வெள்ளைத் திரையில் ஓடியது. நிறம் வேண்டும் என்பதற்காகத் திரையின் மேல் வண்ணத் தாள் பட்டைகளை ஒட்டினார்கள். 1980இல் வந்த பேக்மேனுக்கும் பின்னணி கறுப்புதான். அன்றைய இயந்திரங்களில் நினைவகம் மிகக் குறைவு. ஒளியேற்றாமல் விட்ட புள்ளி கறுப்பாகவே கிடக்கும், அதற்குச் செலவில்லை. கருவி கொஞ்சம் வளர்ந்ததுமே 1985இல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் நீல வானத்தின் கீழ் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குக் கறுநீலமாகத் தெரியும், கேம் விற்கும் ஸ்டீம் தளம்கூட 2003இல் ஆலிவ் பச்சை நிறத்தில்தான் பிறந்தது. 2010 வாக்கில்தான் இருண்டது. நிண்டெண்டோவின் தளம் வெள்ளையும் சிவப்பும். அதைப் பார்த்து யாரும் இது கேமிங் தளமே இல்லை என்று திரும்பிப் போனதில்லை.

கேம் அட்டைப்படம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே வண்ணங்களை வாரி இறைத்து வரைந்தது. ஒரு பக்கத்தில் இருபது அட்டைகள் அடுக்கினால் இருபது விதமான தீ, வானம், இரத்தம். அதற்குப் பின்னால் தளமும் தன் பங்குக்கு நியானைக் கொட்டினால் எந்த அட்டையும் கண்ணில் நிற்காது. புடவைக் கடையில் வெள்ளை விரிப்பின் மேல்தான் புடவையைப் பிரித்துக் காட்டுவார்கள். பூப்போட்ட விரிப்பில் எந்தக் கடைக்காரரும் காட்ட மாட்டார். தளத்தின் பின்னணிக்கும் அந்த வேலைதான். வெள்ளையோ வெளிர்சாம்பலோ கரும்சாம்பலோ, ஏதாவது ஓர் அமைதியான நிறம். அதன் மேல் எழுத்துக்கு ஒன்று, "வாங்கு" என்ற பட்டனுக்கு மட்டும் ஒன்று. பட்டனின் நிறத்தை வேறு எங்கும் அலங்காரத்துக்குப் பயன்படுத்தாமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நம்பிக்கை: டார்க் மோடு கண்ணுக்கு நல்லது, பேட்டரியும் மிச்சம்.

பேட்டரிக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. ஓலெட் திரையில் கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும் என்பதால் மின்சாரம் மிச்சமாகும். எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பெரிய பலன் இல்லை. ஓலெட்டிலும் எவ்வளவு என்பது திரை வெளிச்சத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருக்கும்போது சராசரி மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான். முழு வெளிச்சத்தில் அது 39 முதல் 47 வரை ஏறியது.

கண் விஷயத்தில் நிலைமை கிட்டத்தட்டத் தலைகீழ். 2013இல் ஜெர்மனியில் பீப்பன்புரோக்கும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், இளையவர் முதியவர் இரு தரப்பினரும் வெளிர்பின்னணியில் இருந்த கறுப்பு எழுத்தையே கூர்மையாகக் கண்டார்கள். காரணம் எளிது. பின்னணி வெளிச்சமாக இருந்தால் கண்மணி சுருங்கும், காட்சி கூர்மையாகும். இருட்டில் அது விரியும், எழுத்தின் விளிம்பு மங்கும். அஸ்டிக்மாடிசம் என்னும் பார்வைக் குறை உள்ளவர்களுக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து கசிந்து பரவுவதுபோலத் தெரியும். கொச்சியின் பகல் வெளிச்சத்தில் இன்னொரு தொல்லையும் சேரும். இருண்ட பக்கம் கண்ணாடி மாதிரி படிக்கிறவரின் முகத்தையே திருப்பிக் காட்டும்.

டார்க் மோடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு விளையாடுகிறவருக்கு அது இதம். போனில் அவர் என்ன வைத்திருக்கிறாரோ அதையே தளமும் பின்பற்றட்டும், மாற்றிக்கொள்ள ஒரு பட்டனும் இருக்கட்டும். இருட்டு வேண்டுமென்றால் முழுக் கறுப்பு வேண்டாம். கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி சொல்லும் #121212 போன்ற கரும்சாம்பல் கண்ணை உறுத்தாது.

நம்பிக்கை: நியான் நிறம் எதுவானாலும் கறுப்பின் மேல் பளிச்சென்று தெரியும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மனிதக் கண் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒரே வெளிச்சமாக உணர்வதில்லை. திரையின் ஒளிர்வுக் கணக்கில் பச்சையின் பங்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. அதனால் கறுப்பின் மேல் முழுப் பச்சையின் கான்ட்ராஸ்ட் 15.3க்கு 1. முழுச் சிவப்பு 5.25. முழு நீலமோ 2.4தான். இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சாதாரண எழுத்துக்குக் கேட்பது குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3. நீல நியான் இரண்டிலும் தோற்கிறது, கரும் ஊதாவும் அப்படியே. கேமிங் தளங்களில் இந்த இரண்டும் அதிகம் புழங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சிவப்பைத் திருப்பி வெள்ளையில் போட்டாலும் 4.0தான் வரும், தள்ளுபடி விலையைச் சிறிய சிவப்பு எழுத்தில் எழுதும் வழக்கமும் இங்கே அடிபடுகிறது. இந்த எண்ணைச் சொல்லும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. டிசைனர் படம் காட்டும் அன்றே கடைக்காரர் கேட்டுவிடலாம்.

சிவப்பு ஆவேசம், பச்சை நம்பிக்கை, நீலம் நாணயம் என்று ஓர் அட்டவணை எங்கும் சுற்றுகிறது. நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் மாறும். கதகளி பார்த்து வளர்ந்தவருக்குப் பச்சை முகம் நளனும் அர்ஜுனனும். சிவப்புத் தாடி துச்சாதனன். கேமிங் கம்ப்யூட்டர் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கொண்டாடிய கறுப்பு சிவப்புச் சேர்க்கையைப் பாலக்காடு தாண்டிக் கோயம்புத்தூர் போனதும் மக்கள் ஒரு கட்சிக் கொடியாகத்தான் முதலில் படிப்பார்கள். அந்த அட்டவணையை நம்பி நிறம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கடையின் பெயர்ப்பலகையில் ஏற்கெனவே ஒரு நிறம் இருந்தால் அதுவே போதும். தேடி வருகிறவருக்கு அடையாளமாகவும் இருக்கும்.

பச்சைப் புள்ளி இருந்தால் சரக்கு உண்டு, சிவப்புப் புள்ளி இருந்தால் இல்லை என்று விட்டுவிடுவதும் தவறு. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது சிரமம். ஆசிய ஆண்களில் விகிதம் சற்றுக் குறைவு, ஆனால் அவர்களும் நம் வாடிக்கையாளர்களே. புள்ளியோடு "ஸ்டாக் உண்டு", "தீர்ந்தது" என்று எழுதிவிட்டால் ஆயிற்று.

நம்பிக்கை: மேலே நகரும் பெரிய பேனர்தான் ஆளை இழுக்கும்.

அமெரிக்காவின் நாட்டர்டேம் பல்கலைக்கழகத் தளத்தை 2013இல் அளந்த எரிக் ரன்யன், அப்படி நகரும் படங்களைச் சொடுக்கியவர்கள் வந்தவர்களில் ஏறக்குறைய 1 சதவீதமே என்று கண்டார். அவர்களிலும் பெரும்பாலோர் தொட்டது முதல் படத்தை. மற்றப் படங்களுக்காகச் செலவழித்த டேட்டாவும் காத்திருப்பும் வீண். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்று கூகுள் வரையறுத்திருக்கிறது. நெரிசலான சந்தில் சிக்னல் தடுமாறும்போது அந்தப் பெரிய படமே முதல் தடை.

மூன்று சொடுக்கில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்ற விதியும் 2003இல் ஜோஷுவா போர்ட்டர் நடத்திய சோதனையில் நிற்கவில்லை. சரியான வழியில் போகிறோம் என்று தெரிந்தால் இன்னும் சில சொடுக்குகள் கூடினாலும் மக்கள் சலிப்பதில்லை.

அப்படியானால் மேலே பேனருக்குப் பதில் என்ன வர வேண்டும்? வாங்க வருகிறவர் முதலில் கேட்கும் கேள்விக்கு விடை வர வேண்டும்: இது எந்தக் கன்சோலுக்கு? பிளேஸ்டேஷன் 5 என்றால்கூட எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் டிஸ்க் போடலாம். டிஜிட்டல் எடிஷன் டிஸ்க் டிரைவ் இல்லாமலே வரும். இதை விலைக்கு ஒட்டிச் சொல்லாமல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒதுக்கினால், வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்த பையன்தான் ஏமாறுகிறான். ஆகவே கன்சோல், புதுசா பழசா, விலை, வாரண்டி யார் பொறுப்பு, ஸ்டாக் உண்டா என்ற வரிசை. அதற்குக் கீழே பெருவிரலுக்கு எட்டும் இடத்தில் பட்டன். டபிள்யூசிஏஜியின் 2023 பதிப்பு பட்டனுக்குக் குறைந்தது 24 பிக்சல் கேட்கிறது. ஆண்ட்ராய்டு வழிகாட்டியோ 48 அலகு என்கிறது. நான் பெரியதன் பக்கம்.

இதில் ஒரு நேர்மைப் பிரச்சினையும் கலந்திருக்கிறது. "வேண்டும்" என்பதைப் பளபளக்கும் பச்சையிலும் "வேண்டாம்" என்பதைக் கண்ணுக்கே எட்டாத சாம்பலிலும் போடுவது, பொய்யான கவுன்ட்டவுன் கடிகாரம் ஓடவிடுவது, இவற்றை வியாபாரத் தந்திரம் என்றே பலர் நினைக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த டார்க் பேட்டர்ன் வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்றுகளைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன; பொய் அவசரமும் இடைமுகக் குறுக்கீடும் அதில் உண்டு. கேம் வாங்குகிறவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள். அவர்களிடம் இதைச் செய்வதை எந்த லாபக் கணக்கும் நியாயப்படுத்தாது.

நம்பிக்கை: பளிச்பளிச்சென்று மின்னினால்தான் கேம் போல இருக்கும்.

1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போகிமான் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் விநாடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறி மின்னின. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 685 பேர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்; பலருக்கு வலிப்பு. எந்தப் பகுதியும் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று அதே டபிள்யூசிஏஜி சொல்வது இந்த ஆபத்துக்காகவே. அசைவைக் குறைக்கச் சொல்லி ஒருவர் தன் போனில் அமைத்திருந்தால் தளம் அதை அறிந்து அடங்க முடியும். டிசைனர் சில வரிகள் எழுதினால் போதும்.

எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். கோணலான ஆங்கில கேமிங் எழுத்துருவில் தமிழோ மலையாளமோ இருக்காது. தமிழில் எழுதினால் போன் தனக்குத் தெரிந்த வேறோர் எழுத்துருவை இடையில் செருகும், பக்கம் ஒட்டுப்போட்டதுபோல ஆகும். தலைப்புக்கு பலூ தம்பி போன்ற தடித்த எழுத்தும், உடலுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பு வெளியிட்ட மீரா இனிமையும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே கொக்கியும் கீழே சுழியும் முட்டிக்கொள்ளும். பட்டனின் அகலத்தையும் "கூடையில் சேர்" என்று எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.