கழல மறுக்கும் கியர் பெட்டி

தோட்டத்தில் வாழும் குடும்பத்திற்குச் சொந்தக் கார் ஆடம்பரப் பொருளன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், இரவில் நோயுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்கவும், பட்டணத்தில் சாமான் வாங்கி வரவும் அது துணை நிற்கின்றது. 1970களில் வந்த டட்சன் 120ஒய், டொயோட்டா கொரோலா போன்ற பழைய கார்களை இன்றும் சிலர் பழுதுபார்த்து ஓட்டி வருகின்றனர். இக்கார்களில் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டால், அதனை மாற்றுவதற்குக் கியர் பெட்டியை இறக்கியே ஆகவேண்டும். பட்டறையில் இவ்வேலைக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி உழைப்புக்கான கூலியே. ஆகவே, ஓரளவு கைத்திறன் உடையோர் வீட்டிலேயே இதனைச் செய்ய முற்படுகின்றனர்.

முற்படுவோரில் பலர் ஓரிடத்தில் வந்து தடுமாறி நின்றுவிடுகின்றனர். எல்லாப் போல்ட்டுகளையும் கழற்றியாயிற்று. பெட்டியோ அசைய மறுக்கின்றது. பொறுமை இழந்து, காருக்கு அடியில் படுத்தவாறே இழுக்கவும் சுத்தியலால் அடிக்கவும் தொடங்குகின்றனர். விபத்து நிகழ்வது அந்த வேளையில்தான். கழல மறுக்கும் பெட்டியைப் பிடித்து வைத்திருக்கும் காரணம் ஒன்று கட்டாயம் உண்டு. அக்காரணத்தைக் கண்டறியும் முறையையும், உயிருக்கும் பொருளுக்கும் கேடின்றிப் பெட்டியை விடுவிக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

இங்கு நாம் கூறுவது பின்சக்கரங்களால் இயங்கும் கார்களுக்கு உரியது. 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1994இல் வெளிவந்த பெரொடுவா கஞ்சில் முதலியவை முன்சக்கரங்களால் இயங்குபவை. அவற்றின் பெட்டி இயந்திரத்தோடு குறுக்காக அமைந்திருப்பதால் கழற்றும் ஒழுங்கு வேறாகும். எனினும், பெட்டி ஒட்டிக்கொள்வதற்கான காரணங்கள் பெரும்பாலும் இரண்டிற்கும் பொதுவானவையே.

பெட்டியின் அமைப்பு

கியர் பெட்டியின் முன்புறம் மணி போல் அகன்றிருக்கும். பட்டறைகளில் இதனைப் 'பெல் ஹவுசிங்' என்பர். நாம் மணிமூடி என்று குறிப்பிடுவோம். இம்மணிமூடி இயந்திரத்தின் பின்முகத்தோடு சுற்றிலும் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். இரு முகங்களும் இம்மியும் விலகாது பொருந்துவதற்காக இரண்டு எஃகு முளைகளும் உண்டு.

பெட்டியிலிருந்து முன்னோக்கி ஒரு தண்டு நீண்டிருக்கும். அதன்மேல் நீளவாக்கில் வரிப்பற்கள் வெட்டப்பட்டிருக்கும். அத்தண்டு கிளட்ச் தட்டின் நடுத்துளை வழியாகச் சென்று, கிராங்க் தண்டின் முனையிலுள்ள சிறிய புஷ்ஷில் நுனி பதித்து நிற்கும். ஆகவே, பெட்டியைப் பிடித்து வைத்திருப்பவை நான்கு: போல்ட்டுகள், முளைகள், கிளட்ச் தட்டின் வரிப்பற்கள், நுனியிலுள்ள புஷ். இந்நான்கையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

காரை உயர்த்தும் முன்

பால்வெட்டு இல்லாத மழை நாளில்தான் நம் தொழிலாளர்க்கு ஓய்வு கிட்டுகின்றது. கார் வேலையும் அன்றுதான் நடைபெறுகின்றது. ஆனால், மழையில் ஊறிய லயத்து வாசல் மண் ஜேக்கியின் காலை மெல்ல மெல்ல உள்வாங்கும். காலையில் நிமிர்ந்து நின்ற ஜேக்கி நண்பகலில் சாய்ந்துவிடும். ஆதலால், சிமெந்துத் தரையிலேயே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். அத்தகைய தரை இல்லையெனில், வேலையை ஒத்திப் போடுவதே அறிவுடைமை.

ஜேக்கி காரை உயர்த்துவதற்கு மட்டுமே உரியது. தாங்கி நிற்பதற்கு உரியதன்று. உயர்த்தியவுடன், அதற்கெனச் செய்யப்பட்ட இரும்புத் தாங்குகால்களைச் சட்டத்தின் உறுதியான இடங்களில் வைத்துக் காரை அவற்றின்மீது இறக்குக. செங்கல்லும் துளையுள்ள சிமெந்துக் கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடும். அவற்றை ஒருபோதும் நம்பலாகாது. கழற்றிய முன்சக்கரங்களை இரு பக்கமும் சட்டத்திற்கு அடியில் படுக்க வைத்தால், தாங்குகால் நழுவினாலும் உயிர் தப்ப இடமிருக்கும்.

மேலும் ஓர் உண்மையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கியரில் போட்டு நிறுத்திய காரைப் பின்னிருந்து பிடித்து வைத்திருப்பது புரோப்பெல்லர் தண்டே. அதனைக் கழற்றியதும் அப்பிடி அற்றுப்போகும். ஆகவே, கைப்பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு வைத்த பிறகே அடியில் செல்ல வேண்டும்.

கழற்றும் ஒழுங்கு

முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. பெட்டியிலுள்ள எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடித்தெடுக்க. காரின் உள்ளே, கியர்க் கம்பை நான்காம் கியரில் தள்ளிவிட்டுப் பின்னர் அக்கம்பைக் கழற்றுக. நான்காம் கியரில் விடும் காரணம் பின்னர் விளங்கும்.

புரோப்பெல்லர் தண்டின் பின்முனையில் இரு தட்டுகளும் சேரும் இடத்தில் சாயத்தால் ஒரு கோடு இட்டுக்கொள்க. திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் பூட்ட இது உதவும். பிறகு தண்டைக் கழற்றி உருவி எடுக்க. வேகமானியின் கம்பி, பின்னோக்கு விளக்கின் மின்கம்பிகள், கிளட்சை இயக்கும் சிறு சிலிண்டர், மணிமூடியோடு சேர்ந்து பூட்டப்பட்டிருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார், புகைக்குழாயின் பிடி ஆகியவற்றை வரிசையாக அகற்றுக.

இனி, இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு பலகையை வைத்து ஒரு ஜேக்கியால் தாங்குக. பெட்டியை மற்றொரு ஜேக்கியால் தாங்குக. அதன் பின்னரே பின்புறக் குறுக்குத் தாங்கியைக் கழற்றலாம். பெட்டியின் எடை ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். படுத்திருக்கும் மனிதனின் மார்பில் விழுந்தால் அதுவே உயிருக்குப் போதுமான ஆபத்து.

இங்கு ஓர் எளிய உபாயத்தைக் கூறுவோம். ஓர் அட்டையில் மணிமூடியின் வடிவத்தை வரைந்து, போல்ட்டு இருக்கும் இடந்தோறும் ஒரு துளை இடுக. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதற்குரிய துளையில் செருகி வைக்க. போல்ட்டுகள் ஒரே நீளம் உடையவை அல்ல. அட்டை அவற்றைக் குழப்பாது காக்கும். அதனினும் மேலான பயன் ஒன்று உண்டு: அட்டையில் ஒரு துளை வெறுமையாக இருந்தால், காரில் ஒரு போல்ட்டு இன்னும் பூட்டியிருக்கின்றது என்பது பொருள்.

இடைவெளி கூறும் செய்தி

பெட்டி வரவில்லையெனில் உடனே சுத்தியலைத் தேட வேண்டாம். ஒரு கைவிளக்கை எடுத்து, இயந்திரத்திற்கும் மணிமூடிக்கும் இடையிலுள்ள இணைப்பைச் சுற்றிலும் பார்க்க. அங்குக் காணப்படும் இடைவெளி மூன்று வகையாக இருக்கலாம்.

1. சுற்றிலும் எங்கும் இடைவெளி இல்லை. இதற்குப் பெரும்பாலும் மறந்துபோன போல்ட்டே காரணம். மேற்புறத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கினுள் அது மறைந்திருக்கும். விரலால் தடவித் தேடுக. போல்ட்டு ஒன்றும் இல்லையெனில், இரு முளைகளும் துருவேறி இறுகியுள்ளன என அறிக. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அரிப்பு விரைவில் உண்டாகும். நம் நாட்டு ஈரக்காற்று அதற்கு ஏற்றதே.

2. ஒரு பக்கம் இடைவெளி உண்டு, மறுபக்கம் இல்லை. மூடியிருக்கும் பக்கத்தில்தான் பிடி உள்ளது. அங்கு ஒரு போல்ட்டோ இறுகிய முளையோ இருக்கும். திறந்த பக்கத்தை மேலும் இழுத்தால் மறுபக்கம் இன்னும் கோணலாகி இறுகும். ஆகவே, திறந்ததைச் சற்று மூடிவிட்டு மறுபக்கத்தைக் கவனிக்க.

3. சுற்றிலும் ஒரு விரல் அகலம் சமமாகத் திறந்து, அதன்மேல் வரவில்லை. போல்ட்டும் முளையும் விட்டுவிட்டன. தண்டே கிளட்ச் தட்டிலோ நுனிப் புஷ்ஷிலோ சிக்கியிருக்கின்றது. அல்லது பெட்டியின் பின்புறம் தாழ்ந்து தண்டு கோணலாகியிருக்கின்றது.

விடுவிக்கும் முறை

முதற்கண் ஒரு பாதுகாப்பு. கீழ்ப்புறப் போல்ட்டுகளில் இரண்டை, பக்கத்திற்கு ஒன்றாக, மீண்டும் சில சுற்றுகள் மட்டும் பூட்டி, தலைப்புறம் 1 சென்டிமீட்டர் தளர்வாக விடுக. பெட்டி திடீரென விடுபட்டாலும் இவ்விரண்டும் அதனைத் தடுத்து நிறுத்தும். விடுபட்டது உறுதியான பின், ஜேக்கி தாங்கியிருக்கும் நிலையில் அவற்றைக் கழற்றலாம்.

முளைகள் இறுகியிருந்தால், துரு இளக்கும் எண்ணெயை இரு முளைகளின் ஓரத்திலும் பாய்ச்சி, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுக. மறுநாள், முளைக்கு அருகிலுள்ள தடித்த பகுதியில் மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுக. பின்னர், எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தட்டையான நெம்புகோல்களைத் தடித்த விளிம்பில் வைத்து, இரு பக்கமும் ஒரே அளவில், சிறுகச் சிறுக நெம்புக. இரு முகங்களுக்கும் இடையில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். நெம்புகோல் அதனை வளைத்துவிடாது பார்த்துக்கொள்க.

தண்டு சிக்கியிருந்தால், முதலில் பெட்டியின் சாய்வைச் சரிசெய்க. பின்புறத்தை ஜேக்கியால் சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும், சுற்றிலுமுள்ள இடைவெளி ஒரே அளவாகுமாறு செய்க. பல பெட்டிகள் இந்த ஒரு செயலிலேயே கழன்று வந்துவிடும். வரவில்லையெனில், புரோப்பெல்லர் தண்டின் முன்முனையைப் பெட்டியின் பின்புறத்தில் மீண்டும் செருகி, இடமும் வலமுமாகக் கையால் அசைக்க. பெட்டி நான்காம் கியரில் இருப்பதால் அவ்வசைவு நேரே முன்தண்டிற்குச் சென்று, இறுகிய வரிப்பற்களை இளக்கும். ஒருவர் இவ்வாறு அசைக்க, மற்றொருவர் பக்கவாட்டில் நின்று நெம்புதல் நன்று. கிளட்ச் தட்டை மாற்றுவது உறுதியெனில், வரிப்பற்களின்மீது துரு இளக்கும் எண்ணெயைத் தெளிக்கலாம். பழைய தட்டையே மறுபடி பூட்டுவதாயின் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட தட்டு வழுக்கும்.

விலக்க வேண்டியவை

பெட்டி பாதி வெளிவந்த நிலையில் அதனைத் தண்டின்மேல் தொங்கவிடுதல் கூடாது. அவ்வளவு எடையும் கிளட்ச் தட்டின் நடுவில் ஏறித் தட்டை வளைத்துவிடும். மணிமூடியை இரும்புச் சுத்தியலால் அடித்தலும் கூடாது. அலுமினிய வார்ப்பு நசுங்குவதில்லை, வெடித்துவிடும். பால்வெட்டும் கத்தி ஆழப் பட்டால் மரம் காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டையும் கெடுவதை நாம் அறிவோம். ஒரு கணத்து அவசரத்தால் வந்த கேட்டைப் பல ஆண்டுகள் சுமக்க வேண்டியிருக்கின்றது. இங்கும் அவ்வாறே.

மணிமூடியினுள் படிந்திருக்கும் கரும்பொடியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுதல் கூடாது. பழைய கிளட்ச் தட்டுகளில் கல்நார் சேர்ந்திருந்தது; அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்றுக.

இவை எல்லாவற்றினும் தலையாயது ஒன்று. பெட்டியை இழுக்கும்போதும் நெம்பும்போதும் எவருடைய உடலும் பெட்டிக்கு நேர் கீழே இருத்தல் கூடாது. பிடிவாதமாக நின்ற பெட்டி விடுபடும்போது சொல்லிக்கொண்டு விடுபடுவதில்லை. தனியாக இவ்வேலையில் இறங்குதலும் ஆகாது. அருகில் நிற்கும் துணைவருக்கு ஜேக்கியை இயக்கவும் 999 எண்ணை அழைக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். பிள்ளைகளை அவ்விடத்திற்கு வரவிடுதல் ஆகாது.

திரும்பப் பூட்டும்போது

முளைகளின் துருவைத் தேய்த்து நீக்கி, அவற்றின்மீதும் வரிப்பற்களின்மீதும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவுக. அடுத்த முறை பெட்டி எளிதில் கழல்வதற்கு இதுவே வழி. கிளட்ச் தட்டைப் பூட்டும்போது அதன் நடுத்துளையும் நுனிப் புஷ்ஷும் நேர்கோட்டில் அமைய வேண்டும். அதற்கான வழிகாட்டிக் கம்பு உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். பெட்டி முழுவதும் கையாலேயே சென்று பொருந்த வேண்டும். மீதமுள்ள இடைவெளியைப் போல்ட்டுகளை முறுக்கி மூட முயன்றால் மணிமூடியின் காது முறிந்துபோகும். வடித்தெடுத்த பழைய எண்ணெயைக் கால்வாயிலோ மண்ணிலோ கொட்டாது, கலத்தில் மூடி, அதனைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. சிமெந்துத் தரை, தாங்குகால், சக்கரத்திற்கு ஆப்பு: இம்மூன்றும் இல்லையெனில் காருக்கு அடியில் செல்லற்க.

2. போல்ட்டுகளை அட்டையில் செருகி எண்ணுக.

3. இடைவெளியைச் சுற்றிலும் பார்த்த பின்னரே நெம்புகோலைக் கையில் எடுக்க.

4. இரண்டு போல்ட்டுகளைத் தளர்வாக விட்டே பெட்டியை விடுவிக்க.

5. இவ்வளவும் செய்து, ஓர் இரவு எண்ணெயில் ஊறிய பின்னும் பெட்டி அசையவில்லையெனில், பெட்டியை இயந்திரத்தோடு மீண்டும் இறுக்கிப் பூட்டி, காரைத் தரையிறக்கிப் பட்டறைக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்க.

பட்டறைக்குக் கொடுக்கும் கூலியை அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடலாம். நசுங்கிய கையையோ போன உயிரையோ எந்தச் சம்பளத்தாலும் திரும்பப் பெற இயலாது. குடும்பத்தின் நன்மைக்காகத் தொடங்கிய வேலை குடும்பத்திற்குத் துயரமாக முடியாதிருக்க, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவும் பழகுவோமாக.