தன்னை உண்டு பிழைக்கும் செல்

தண்டையார்பேட்டை, இராயபுரம் பகுதிகளின் முதியோர் பலருக்குக் குளோரோகுயின் மாத்திரையின் கசப்பு நினைவிருக்கும். கிணறுகளிலும் மேல்நிலை நீர்த்தொட்டிகளிலும் கொசு பெருகிய சென்னையில், மலேரியாக் காய்ச்சலுக்கு நெடுங்காலம் கைகொடுத்த மருந்து அது. அம்மருந்தும் அதன் இனமான ஹைட்ராக்சி குளோரோகுயினும் இன்று புற்றுநோய் ஆய்விலும் இடம்பெற்றுள்ளன. காய்ச்சல் மருந்துக்குப் புற்றுநோயில் என்ன வேலை?

பழைய இரும்பை உடைத்து உருக்கிப் புதுக் கம்பியாக்கும் பட்டறைகளை வடசென்னை மாணவர் அறிவர். அத்தகைய பட்டறை ஒவ்வொரு செல்லிலும் உண்டு. பழுதுற்ற புரதங்களையும் தேய்ந்த நுண்ணுறுப்புகளையும் செல் இரட்டைச் சவ்வுப் பையில் பொதிந்து லைசோசோமிடம் சேர்க்கிறது. அங்குள்ள அமிலச் சூழலில் நொதிகள் அவற்றைச் சிதைக்க, கிடைக்கும் அமினோ அமிலங்கள் மீண்டும் பயன்படுகின்றன. இதுவே தன்னுண்ணல். 1963இல் இதற்குப் பெயரிட்டவர் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியன் டி டூவ். ஈஸ்ட் செல்களைப் பட்டினியிட்டு, இச்செயலை இயக்கும் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார்.

நலமான செல்லில் தன்னுண்ணல் காவலன்; கழிவு தேங்கிக் கேடு விளையாமல் தடுக்கிறது. கட்டி உருவான பின்னரோ, அதே காவலன் பகைவனுக்கும் ஊழியம் செய்கிறான். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்து புற்றுசெல்லின் டி.என்.ஏ.வைத் தாக்கும்போது, அச்செல் காயமுற்ற பகுதிகளைச் செரித்து, அதனால் கிடைத்த உணவைக் கொண்டு தாக்குப்பிடிக்கிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் பிரியத் தொடங்குகிறது. எல்லாக் கட்டிகளிலும் இவ்வாறே நிகழ்வதில்லை. சிலவற்றில் தன்னுண்ணல் செல்லின் இறப்புக்கும் துணைபோகிறது.

லைசோசோமின் அமிலத்தன்மையைக் குறைத்துச் செரிமானத்தை முடக்குவது குளோரோகுயினின் இயல்பு. ஆய்வகத்தில் இது வேதிச்சிகிச்சைக்கு வலுவூட்டியது. மனிதரிடத்தில் வெற்றி அத்துணை எளிதாக வாய்க்கவில்லை. கணையப் புற்றுநோயில் வேதிச்சிகிச்சையுடன் ஹைட்ராக்சி குளோரோகுயின் சேர்த்துச் செய்த ஆய்வொன்றின் முடிவு 2019இல் வெளியானது. கட்டி சுருங்கியோர் விகிதம் கூடியது, வாழ்நாளோ நீளவில்லை. மூளையும் சிறுநீரகமும் தன்னுண்ணலை நம்பியே வாழ்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நாட்கூலியை இழந்து வரும் குடும்பங்கள் பல. சுருங்கிய கட்டி மீண்டும் ஏன் வளர்ந்தது என்ற அவர்களின் கேள்விக்குத் தன்னுண்ணல் ஒரு பகுதி விடையாகலாம். இதற்கிடையே, பட்டினி கிடந்தால் தன்னுண்ணல் பெருகிப் புற்று அழியும் என்னும் பேச்சும் பரவுகிறது. பட்டினி தன்னுண்ணலைத் தூண்டுவது உண்மை. ஆனால் கட்டி பிழைத்திருக்கும் வழிகளுள் ஒன்றும் அதுவே. சிகிச்சையால் எடை குறைந்து மெலிந்திருக்கும் நோயாளி, மருத்துவரைக் கேளாமல் உணவைத் துறப்பது ஆபத்தாகும்.