கோரையும் அதன் நீரிடமும்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சூழ்ந்த வட்டாரத்தில் மழைக்காலம் கழிந்து ஏரிநீர் வற்றத் தொடங்குங்கால், கரையோரச் சேற்றில் பசுமையான செடிக்கூட்டம் ஒன்று நிமிர்ந்து நிற்கும். தொலைவிலிருந்து காண்போர் அதனைப் ‘புல்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். அருகில் சென்றால் கோரை, சம்பு, நாணல் என வெவ்வேறு இனங்கள் புலப்படும்.

கோரையை அறியக் கண்ணினும் விரலே மிகுதியாக உதவும். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். உருண்ட தண்டுடைய கோரை வகைகளும் உண்டு. எனினும் கோரைத் தண்டில் அடிமுதல் பூங்கொத்துவரை கணு இராது. நாணலுக்குக் கணு உண்டு. சம்புவோ வாள்போன்ற நீண்ட இலையாலும் பழுப்புநிறக் கதிராலும் தனித்து நிற்கும்.

பாய் நெய்ய உதவும் கோரைக்குத் தாவரவியலார் வழங்கும் பெயர் சைபரஸ் பாங்கோரி. டென்மார்க்கு நாட்டு அறிஞர் ராட்பால் 1773இல் வெளியிட்ட இப்பெயருக்குள் ‘கோரை’ என்னும் தமிழ்ச்சொல் ஒலிப்பதைச் செவி உணரும். சங்கப் பாடல்களில் மகளிர் பாவை செய்து விளையாடிய பஞ்சாயும் கோரை வகையே.

புறத்தே வன்மை உடையதைப் புல் என்றும், அகத்தே வன்மை உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது. பத்தமடைப் பாய் நெய்வோர் இவ்வுண்மையை நாள்தோறும் கையாள்கின்றனர். தாமிரபரணிக் கரைக் கோரையைக் கீறி, உள்ளிருக்கும் மென்மையான சோற்றை நீக்கி, வன்மையான புறத்தோலையே இழையாக்குகின்றனர். நெசவாளர் கழித்துவிடும் அச்சோறுதான் செடிக்கு உயிர்நாடி. களிமண் நீரை எளிதில் கீழிறங்க விடாது. நீர் தேங்கிய சேற்றில் வேருக்குக் காற்றும் கிட்டாது. சோற்றிலுள்ள நுண்ணிய காற்றறைகள் வழியே மேலிருந்து உயிர்வளி வேரை அடைகிறது. ஆதலின் பிற பயிர்கள் அழுகும் இடத்தில் கோரை செழிக்கிறது.

எனினும் எவ்வகை நீரும் அதற்கு ஒன்றல்ல. நீர் ஏறியும் இறங்கியும் அமையும் விளிம்பே பாய்க்கோரைக்கு ஏற்ற இடம். ஊர்க்கழிவு கலந்து, ஆண்டு முழுவதும் நீர் தேங்கிக் கிடக்கும் ஏரியில் சம்பு விரைந்து பரவும். அதன் அடர்த்தியில் கோரை ஒளியின்றி ஒடுங்கும். இரண்டையும் பிரித்தறியாதவர் கண்ணுக்கு அவ்வேரி முன்போலவே பசுமையாகத் தோன்றும்.