காலை எட்டரை மணிக் கணக்கு

காயல்பட்டினத்துப் பெருமழையைப் பற்றி எழுதிய இளம் வானிலையாளருக்கு

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழை குறித்து இளையவர் எழுதியுள்ள கட்டுரையை இக்கடிதத்தை எழுதுபவர் இருமுறை படித்தார். வடகிழக்குப் பருவக்காற்று எப்படி அமைகிறது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகக் கடலோரம் ஏன் நனைகிறது என்பனவெல்லாம் இருவரும் அறிந்தவை. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, நெஞ்சில் முள்ளாகத் தைத்த இரண்டு இடங்களைப் பற்றி மட்டும் இங்குப் பேச வேண்டியுள்ளது.

முதலாவது, நாள் பற்றியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் டிசம்பர் 17 இரவில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டதையும், ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கித் தவித்ததையும் விவரித்த பின், காயல்பட்டினத்தில் மறுநாள் 18ஆம் தேதி 95 செ.மீ. மழை கொட்டியதாகக் கட்டுரை சொல்கிறது. இவ்வரிசையில் படிக்கும் வாசகர், மழை வருவதற்கு முன்பே ரயில் நின்றுவிட்டதாகத்தான் எண்ணுவார். வானிலை ஆய்வு மையத்தின் பட்டியலில் 18ஆம் தேதியின் கீழ் நிற்கும் எண், 17ஆம் தேதி காலை எட்டரை மணிக்குத் தொடங்கி 18ஆம் தேதி காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தின் மழையாகும். ரயிலை நிறுத்தியதும் தண்டவாளத்தின் அடிமண்ணை அரித்ததும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. என்று அதே பட்டியலில் பதிவானதும் ஒரே மழைதான். உலகெங்கும் ஒரே கணத்தில் அளவெடுக்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட கிரீன்விச் நேரம் மூன்று மணி, இந்தியாவில் எட்டரை மணியாக விடிகிறது. அந்த எட்டரையை மறந்தவர் மழையை ஒரு நாள் தள்ளிப் பெய்யவைக்கிறார். அணை திறந்த நேரம், ஆறு கரை உடைத்த நேரம், மீட்புப் படகு போய்ச் சேர்ந்த நேரம் ஆகிய அனைத்தும் நள்ளிரவில் மாறும் தேதியைக் கொண்டு எழுதப்படும்போது, மழை மட்டும் வேறொரு நாட்காட்டியில் ஓடினால், எது காரணம், எது விளைவு என்பது தலைகீழாகிவிடும். இதைச் சிறு பிழை என்று இளையவர் ஒதுக்கிவிடக் கூடாது. வானிலை எழுத்தில் இதைவிடப் பெரிய பிழை இல்லை என்பதே இக்கடிதத்தின் கருத்து.

எட்டரை மணியின் மீது இத்தனை பிடிவாதம் ஏன் என்று கேட்கத் தோன்றலாம். 1992 நவம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, இதை எழுதுபவர் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் தாலுகா அலுவலகத்தில் மழையளவு எடுக்கும் முதிய எழுத்தர் ஒருவருக்கு உதவியாளாக இருந்தார். அங்கிருந்தது சைமன்ஸ் மழைமானி, அதாவது 12.7 செ.மீ. விட்டமுள்ள புனலும் அதன் அடியில் ஒரு கண்ணாடிக் குடுவையும் கொண்ட, புனலின் விளிம்பு தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் நிற்கும்படி புதைக்கப்பட்ட எளிய கருவி. அந்தக் குடுவை ஏறக்குறைய 10 செ.மீ. மழையைத்தான் கொள்ளும், அதற்கு மேல் பெய்தால் நிரம்பி வழிந்து கணக்கு கெடும் என்பதால், பெருமழை இரவில் இடையிடையே எழுந்துபோய் அளந்து கொட்டிவிட்டு, ஒவ்வோர் அளவையும் நேரத்தோடு குறித்துவைத்து, காலை எட்டரைக்கு எல்லாவற்றையும் கூட்டி எழுத வேண்டும். முதியவர் அன்றிரவு உறங்கவில்லை. ஒரு கையில் குடையும் அக்குளில் டார்ச் விளக்குமாகக் குனிந்து, அளவுக் கண்ணாடியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, நீர்மட்டத்தின் ஓரங்கள் மேலேறியிருக்கும் இடத்தை விடுத்து நடுப்பள்ளம் தொடும் கோட்டைப் படித்து, உரக்கச் சொல்லுவார். தாழ்வாரத்தில் நின்றவர் எழுதிக்கொள்வார். வேறோர் அலுவலகத்தில், நிரம்பி வழிந்த குடுவையின் அளவையே அந்நாளின் மழையாக எழுதி அனுப்பியதைப் பின்னாளில் கண்டபோது எழுந்த கோபம் இன்றும் ஆறவில்லை. பட்டியலில் காணும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒருவர் நனைந்திருக்கிறார் என்பதை இளையவர் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே 1992தான் இரண்டாவது குறைக்கும் இட்டுச்செல்கிறது. காயல்பட்டினத்து மழையைத் தமிழகத்தின் 'வரலாறு காணாத' மழை என்று கட்டுரை நான்கு இடங்களில் சொல்கிறது. அந்த நவம்பரில் மாஞ்சோலை மலையின் காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ.க்கும் சற்று மேலாக மழை பதிவாகியிருக்கிறது. வரலாறு அதைக் கண்டிருக்கிறது, எழுதியும் வைத்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் மேகம் முட்டி மேலேறிப் பொழிவதற்கும், தடுக்க ஒரு குன்றும் இல்லாத கடலோரச் சமவெளியில் இத்தனை மழை பெய்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. ஆகவே 'சமவெளியில்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்திருந்தால் வாக்கியம் உண்மையாகியிருக்கும், வியப்பும் இருமடங்காகியிருக்கும். இதனோடு, அம்மழையைத் தந்ததைப் 'புயல்' என்று ஓரிடத்தில் குறித்திருப்பதும் தவறு. மணிக்கு 62 கி.மீ. வேகத்தைக் காற்று எட்டிய பின்பே ஒரு சுழற்சி புயலாகும். குமரிக்கடல் பகுதியில் அப்போது நிலவியது வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, அதாவது தரைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் காற்று வட்டமிடும் நிலை. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது, எண் ஏற்றிய எச்சரிக்கைக் கூண்டு இருந்தது. தெற்கே வந்ததற்குப் பெயரே இல்லை. பெயரில்லாத ஒன்று ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனது என்பதுதான் சொல்லத்தக்க செய்தி, அதைப் புயலாக்கியதால் கட்டுரை தன் கையிலிருந்த பொன்னைத் தானே தவறவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும், 'அதி கனமழை' பற்றிய அந்தப் பத்தியைக் குறித்துச் சொல்லாமல் இக்கடிதத்தை முடிக்க இயலாது. முன்னறிவிப்பின் படிநிலைகளில் 20 செ.மீ.க்கு மேற்பட்டதெல்லாம் அதி கனமழை, அதற்கு மேல் கூரை கிடையாது, 21 செ.மீ. பெய்தாலும் 95 செ.மீ. பெய்தாலும் எச்சரிக்கையில் ஒரே சொல்தான் வருகிறது, மக்களோ அச்சொல்லைத் தாங்கள் முன்பு கண்ட மழையைக் கொண்டே அளக்கிறார்கள் என்று இளையவர் விளக்கியிருப்பது, இத்துறையில் தமிழில் அண்மைக் காலத்தில் எழுதப்பட்டவற்றுள் முதலிடம் பெறத்தக்கது. முப்பது ஆண்டுகளாக இதே துறையில் இருந்தும் இதை எழுதுபவருக்கு அது தோன்றவில்லை. சென்னையும் தூத்துக்குடியும் மூழ்கிய அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழை, 44 செ.மீ. என்ற மாநிலச் சராசரியோடு ஒப்பிடப்பட்டு 'இயல்பு' என்ற வகையில் பதிவாகியிருப்பதையும் அப்பத்தியோடு சேர்த்து எழுதினால், அது தனியொரு கட்டுரையாகவே விரியும்.

நூலாக வரும்போது தேதிகள் திருத்தப்படும் என்ற நம்பிக்கையில், 1992ஆம் ஆண்டுக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தின் நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அதில் எல்லா அளவுகளுக்கும் நேரம் உண்டு. இரவு இரண்டரை மணிக்கு எதிரே உள்ள எண் மட்டும் தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. பக்கத்திலேயே முதியவர் காலையில் வேறு மையால் அதைத் திரும்ப எழுதி, திரும்ப எழுதிய நேரத்தையும் குறித்திருக்கிறார்.