மேசை ஏன் கலைகிறது?

தேர்வுக்குப் புறப்படும் நேரத்தில் ஏதேனும் ஒரு பொருளைத் தேடித் தவித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, இயற்பியல் செய்முறைத் தேர்வன்று காலை என் ரெக்கார்டு நோட்டைக் காணவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அம்மாவும் சேர்ந்து தேடினார். அரை மணி நேரம் கழித்துப் பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு கேள்வியும் கேட்டார்: "நீ வச்ச இடத்தை நான் எதுக்குடா ஞாபகம் வச்சுக்கணும்?"

அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுக்கி வைத்த மேசை ஒரே வாரத்தில் கலைந்துவிடுகிறது. கலைந்த மேசையோ எத்தனை வாரம் ஆனாலும் தானாக ஒழுங்காவதில்லை. இது ஏன்? சோம்பல் என்பார்கள் பெரியவர்கள். அது பாதிக் காரணம். மறுபாதியைக் கணக்கிட்டே அறியலாம்.

எண்ணிப் பார்ப்போம்

1, 2, 3 என்று எண்ணிட்ட மூன்று புத்தகங்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? எழுதிப் பாருங்கள், 6 விதம் வரும். ஐந்து புத்தகங்கள் என்றால் 5×4×3×2×1 = 120 விதம். பத்துப் புத்தகங்கள் என்றால் 36,28,800 விதம்! நொடிக்கு ஒரு வரிசை வீதம் இரவு பகல் ஓயாமல் மாற்றி அடுக்கினாலும், எல்லாவற்றையும் முடிக்க 42 நாள் ஆகும். இத்தனை வரிசைகளில் 1 முதல் 10 வரை ஒழுங்காக அமைந்தது ஒன்றே ஒன்றுதான். மற்ற யாவும் கலைந்தவை. ஆகவே பார்க்காமல் வைத்தால் கலைந்த வரிசையே அமையும் என்பதில் வியப்பில்லை.

மூலக்கூறுகளின் உலகில் இத்தகைய எண்ணிக்கையின் பொருளை விளக்கியவர் ஆஸ்திரிய அறிஞர் லுட்விக் போல்ட்ஸ்மன் (1844–1906). ஊதுவத்தியின் மணம் அறை முழுதும் பரவுகிறது. திரும்பி ஒரு மூலையில் வந்து குவிவதில்லை. மூலக்கூறுகள் பரவியிருக்கும் விதங்கள் மிக மிக அதிகம். ஒரு மூலையில் குவிந்திருக்கும் விதங்கள் மிகக் குறைவு. அமைப்பு விதங்களின் எண்ணிக்கையோடு தொடர்புடைய அளவே என்ட்ரோப்பி. அந்தத் தொடர்பைக் கூறும் சமன்பாடு வியன்னாவிலுள்ள அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

ஒரு முக்கிய வேறுபாடு

"அப்படியானால் என் மேசை கலைந்திருப்பது இயற்கை விதி" என்று தப்பித்துக்கொள்ள எண்ணாதீர்கள்! மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் தாமே அலைகின்றன. புத்தகம் அப்படியன்று. இரவு வைத்த இடத்திலேயே காலையிலும் இருக்கும். அதை இடம் மாற்றுவது நம் கை. எடுத்த பொருளை ஏதோ ஓரிடத்தில் போடும் ஒவ்வொரு முறையும், அந்த லட்சக்கணக்கான விதங்களில் ஒன்றுக்கு நாம் தாவுகிறோம். ஆகவே மேசை கலைவது, பொருளைக் கீழே வைக்கும் அந்த ஒரு நொடியில்தான். காக்க வேண்டியதும் அந்த நொடியைத்தான்.

எங்கே தொடங்குவது?

முதலாவது, எண்ணிக்கையைக் குறையுங்கள். பத்துப் புத்தகங்களை ஐந்தாக்கினால் பொருள் பாதியாகத்தான் குறைகிறது. வரிசைகளோ 36 லட்சத்திலிருந்து 120 ஆகக் குறைகின்றன. வீடு முழுவதையும் ஒரே நாளில் எடுத்துப் போடாதீர்கள். ஒரே ஓர் இழுப்பறையைக் கவிழ்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தேவையானவை, பிறருக்குப் பயன்படுபவை, பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டியவை. எழுதாத பேனாவுக்கு முதல் குவியலில் இடமில்லை!

இரண்டாவது, இனம் பிரித்தால் போதும். பத்தில் ஐந்து பாடநூல், ஐந்து நோட்டு என்று கொள்வோம். பாடநூல் மேல் தட்டில், நோட்டு கீழ்த் தட்டில். தட்டுக்குள் வரிசை எப்படியும் இருக்கட்டும். இப்போது 5 புத்தகங்களை மேல் தட்டுக்குத் தேர்ந்தெடுக்கும் விதங்கள் 252 மட்டுமே. அதில் ஒன்று சரியானது. 36 லட்சத்தில் ஒன்றைக் காப்பதைவிட இது எவ்வளவு எளிது! மிகக் கறாரான ஒழுங்கு விரைவில் குலையும். தளர்வான ஒழுங்கு நிலைக்கும்.

மூன்றாவது, ஒவ்வோர் இனத்துக்கும் ஓரிடம் குறியுங்கள். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சாவி எட்டு இடங்களில் எங்கும் இருக்கலாம் என்றால், சராசரியாக நான்கு ஐந்து இடங்களைத் தேட வேண்டும். ஆணியில்தான் மாட்டுவது என்றால் ஒரே இடம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் முதலில் கணித ஆசிரியராக இருந்தவரே. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அடுக்கி வைப்பது அழகுக்காக மட்டுமன்று. தேட வருபவரின் நேரத்துக்காக.

செலவு யாருடையது?

குளிர்ப்பெட்டி தன் உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அதற்கு மின்சாரம் செலவாகிறது. செலவில்லாமல் குளிர்ச்சி இல்லை. வீட்டு ஒழுங்கும் அப்படியே. யாரோ ஒருவர் உழைத்துத்தான் அது கிடைக்கிறது. நீங்கள் போட்டதை நீங்கள் எடுத்து வைக்கவில்லை என்றால் அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் கணக்கில் ஏறுகிறது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் கணக்கில் ஏறியது. அவர் கேட்ட கேள்விக்கு இன்று எனக்குப் பதில் தெரியும்: "நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை அம்மா. அது என் வேலை."

செய்து பாருங்கள்: ஒரு வாரம், வீட்டில் எந்தெந்தப் பொருளை யார் யார் எத்தனை நிமிடம் தேடினார்கள் என்று குறித்து வையுங்கள். பிறகு அதிகம் தேடிய பொருளுக்கு மட்டும் ஓர் இடம் குறித்து, அடுத்த வாரமும் கணக்கெடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் விடை தானே விளங்கும்.