கீழடியில் நாம் படித்த பாடம்



அருங்காட்சியகம் என்றாலே ராஜா வாளும் ராணி நகையும்தான் என்று நினைக்கிறோம். கீழடிக்குப் போய் வந்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

மதுரைக்குப் பக்கத்தில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள ஊர் கீழடி. 2014-15 முதல் அங்கே தென்னந்தோப்புக்குள் அகழாய்வு நடந்தது. கிடைத்த பொருட்களை வைக்க, செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டிய அருங்காட்சியகம் 2023 மார்ச் மாதம் திறக்கப்பட்டது.

உள்ளே போனதும் எங்களோடு வந்த ஒரு அக்கா, "இதைப் பார்க்கவா இம்புட்டு தூரம் வந்தோம்? எங்க அப்பத்தா வீட்டுச் சட்டி பானை மாதிரில்ல இருக்கு!" என்றார். அவர் சொன்னது சரிதான். பெருமையே அதில்தான் இருக்கிறது.

என்ன பார்க்கலாம்?

* தக்களி: நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் வில்லை. எலும்பில் செய்த கூர்முனைகளும் உள்ளன. நெசவில் வேலைப்பாடு செய்ய இவை உதவியிருக்கலாம் என்கிறார்கள். நூல் நூற்ற பெண்களைப் பற்றிச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன.
* பானை ஓடுகள்: 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர் கீறியவை.
* உறைகிணறு, தந்தச் சீப்பு, வளையல், விளையாட்டுச் சில்லு.

வயது எப்படித் தெரிந்தது?

353 செ.மீ. ஆழத்தில், கலையாத மண்ணடுக்கில் கிடைத்த கரித்துண்டைச் சோதித்தார்கள். கி.மு. 580 என்று வந்தது. அடுப்புக்கரி போல ஒரு துண்டு! மண்வெட்டியால் கிளறிப் போட்டிருந்தால் இந்த உண்மை நமக்குக் கிடைத்திருக்காது.

நாம் செய்ய வேண்டியது

ஊரணி தூர்வாரும்போதும் அஸ்திவாரம் தோண்டும்போதும் தாழி, பழைய காசு, சிலை தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். எடுக்காதீர்கள், உடைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். பூமிக்குள் கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். "நமக்கெதுக்கு வம்பு" என்று மூடிவிட்டால், நம் ஊர்க் கதையும் மண்ணோடு போய்விடும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்ட வீட்டுச் சாமான்கள் எவை?
2. நம் பாட்டிமார் புழங்கிய கருவிகளின் பெயர், உபயோகம் யாருக்குத் தெரியும்? கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.
3. அடுத்த சுற்றுலாவுக்குக் கீழடி போகலாமா? பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.

நாம் இன்று புழங்கும் சட்டியும் நாளைக்குச் சரித்திரம்தான், சகோதரிகளே.