நம்பர் யார் பேர்ல இருக்கு?

தங்கச்சி, எந்த போன் வாங்கலாம், எத்தனை ஜிபி வேணும், கேமரா எப்படின்னு எல்லாரும் கேட்கிறீங்க. அதையெல்லாம் சொல்றேன். அதுக்கு முன்னாடி நீ எனக்கு ஒண்ணு சொல்லணும். இப்ப உன் கையில இருக்கிற சிம் யார் பேர்ல இருக்கு?

நம்ம வீடுகள்ல நிறைய பேருக்கு இதுக்குப் பதில் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன் வாங்கிக் கொடுத்த சிம்மா இருக்கும், இல்லேன்னா வீட்டுக்காரர் தன் ஆதாரைக் கொடுத்து எடுத்ததா இருக்கும். பல வருஷமா நீதான் ரீசார்ஜ் பண்றே, உன் நம்பர்னுதான் ஊரே சொல்லுது. ஆனா கம்பெனி ஏட்டுல அது உன் நம்பர் இல்லே. பட்டா அவர் பேர்ல, உழவு மட்டும் உன் கையிலங்கிற கதைதான். போன் தொலைஞ்சு போச்சுன்னா டூப்ளிகேட் சிம் வாங்கக்கூட யார் பேர்ல இருக்கோ அவங்கதான் வந்து நிக்கணும். அவங்க வெளிநாட்டுல இருந்தாலும் சரி, உன்கூடப் பேச்சுவார்த்தையே இல்லேன்னாலும் சரி, நீ காத்துக்கிட்டுதான் இருக்கணும்.

இது சின்ன விஷயம்னு நினைக்காதே. பேங்க் கணக்கு, ஆதார், ரேஷன் கார்டு, சிலிண்டர் டெலிவரிக்குச் சொல்ற நம்பர்னு எல்லாமே இப்ப அந்தப் பத்து இலக்கத்துலதான் தொங்குது. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கினப்ப, மாசம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியோட சொந்தக் கணக்குக்கே வர்ற மாதிரி செஞ்சாங்க. பணம் உன் கணக்குக்கு வந்தாலும், வந்த செய்தி இன்னொருத்தர் போனுக்குப் போனா, ஏ.டி.எம். கார்டும் அவங்க கையில இருந்தா, அந்தப் பணம் உனக்கு வந்ததா? 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வு, தானே பயன்படுத்துற மொபைல் வெச்சிருக்கிற பெண்கள் இந்தியாவுல 54 சதவீதம்னு சொல்லுது. தமிழ்நாடு அதைவிட நல்லா மேலதான் இருக்கு. ஆனா போன் கையில இருக்கிறது வேற, நம்பர் உன்னோடதா இருக்கிறது வேற.

அதனால முதல் வேலை, பேர் மாத்துறது. நம்பரை மாத்தாமலே பேரை மட்டும் மாத்தலாம். ரெண்டு பேரும் ஆதாரோட அந்தக் கம்பெனியோட சொந்த ஷோரூமுக்குப் போங்க, தெருமுனை ரீசார்ஜ் கடைக்கு வேண்டாம். 'ஓனர்ஷிப் டிரான்ஸ்ஃபர்'னு கேட்டா விவரம் சொல்வாங்க. வீட்டுக்காரர் இறந்துபோய் அவர் பேர்ல இருந்த நம்பரை நீ வெச்சிருந்தா, இறப்புச் சான்றிதழையும் உறவுக்கான சான்றையும் எடுத்துக்கிட்டு போ. துக்கத்துல இதையெல்லாம் யார் நினைப்பாங்க? ஆனா கணக்கை முடிக்க, இன்சூரன்ஸ் வாங்க, பென்ஷன் மாத்தன்னு எல்லாத்துக்கும் அந்த நம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும். ரீசார்ஜ் விட்டுப்போய் நம்பர் செத்துடக் கூடாது. 90 நாள் ஒரு கால், ஒரு மெசேஜ்கூட இல்லாம கிடந்தா கம்பெனி அதை நிறுத்திடலாம். பிறகு அதே நம்பர் முன்பின் தெரியாத ஒருத்தர் கைக்குப் போயிடும். துக்க வீட்டுக்குப் போற அக்கா தங்கச்சிங்க இதை ஞாபகமா எடுத்துச் சொல்லுங்க.

அடுத்தது, உன் பேர்ல உனக்கே தெரியாம எத்தனை சிம் இருக்குன்னு பாரு. மத்திய அரசோட 'சஞ்சார் சாத்தி' இணையதளத்துல உன் நம்பரைப் போட்டு ஓ.டி.பி. கொடுத்தா, உன் பேர்ல இருக்கிற எல்லா இணைப்பும் வரும். ஒருத்தருக்கு 9 வரைக்கும் அனுமதி. தெரியாத நம்பர் இருந்தா 'நாட் மை நம்பர்'னு குறிச்சு அனுப்பு. உனக்குத் தெரியாத சிம் எப்படி வரும்னு கேட்பே. குடை விரிச்சு உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட ஆஃபர்ல சிம் வாங்குறப்ப, "ரேகை சரியா விழலை, இன்னொரு தடவை வைங்க"ன்னு சொல்லி ரெண்டாவது சிம்மையும் உன் பேர்லயே எடுத்துடுறவங்க இருக்காங்க. அந்த சிம்முல எவனாவது மோசடி செஞ்சா போலீஸ் தேடி வர்றது உன் வீட்டுக்குத்தான். ரேகையை மறுபடி வைக்கச் சொன்னா ஏன்னு நின்னு கேளு.

இப்ப போனுக்கு வர்றேன். மெகாபிக்சலை விட்டுடு. எத்தனை வருஷத்துக்கு செக்யூரிட்டி அப்டேட் தருவாங்கன்னு கடைக்காரர்கிட்ட கேளு. அப்டேட் நின்ன போன்ல பேங்க் ஆப் ஒரு கட்டத்துல வேலை செய்யாம போயிடலாம், பாதுகாப்பும் குறைஞ்சுடும். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, அப்டேட் நீளமா வர்றதை எடு. பில் உன் பேர்ல இருக்கணும். வட்டி இல்லாத இ.எம்.ஐ.னு போர்டு இருந்தாலும் பிராசசிங் கட்டணத்தோட மொத்தமா எவ்வளவு கட்டுவேன்னு எழுதி வாங்கு.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறதுல தப்பில்லை. ஆனா பில்லும் பெட்டியும் இல்லாத போனைத் தொடாதே. *#06# அடிச்சா 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. நம்பர் திரையில வரும், அது பெட்டியில இருக்கிறதோட ஒத்துப் போகணும். கே.ஒய்.எம்.னு ஆங்கிலத்துல அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் 14422-க்கு மெசேஜ் அனுப்பு. தடை பண்ணின போனா, போலி நம்பரான்னு தெரிஞ்சுடும். திருட்டு போனை நல்ல காசு கொடுத்து வாங்கிட்டு ஸ்டேஷன் படி ஏறக் கூடாது இல்லையா?

பூட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமா கேளு. திரைப் பூட்டு எல்லாரும் போட்டிருப்பீங்க. சிம்முக்குப் பூட்டு போட்டிருக்கீங்களா? திருடன் உன் போனைத் திறக்க வேண்டியதே இல்லை. சிம்மைக் கழட்டித் தன் போன்ல போட்டுக்கிட்டா உனக்கு வர வேண்டிய ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு வரும். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் போனா 'சிம் லாக்' இருக்கும். அதைப் போட்டா, போனை ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும், வேற போனுக்கு சிம்மை மாத்தினாலும், பின் நம்பர் கேட்கும். முதல்ல கம்பெனி வெச்சிருக்கிற பின்னைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோ, பிறகு உன்னோடதா மாத்து. ஊகிச்சு அடிக்காதே. மூணு தடவை தப்பாப் போட்டா சிம் பூட்டிக்கிட்டு பி.யு.கே. நம்பர் கேட்கும், அதையும் பத்து தடவை தப்பாப் போட்டா அந்த சிம் அதோட போச்சு.

பூட்டின திரையிலேயே மெசேஜ் முழுசா தெரியுற மாதிரி வைக்காதே. ஓ.டி.பி.யைப் படிக்கிறதுக்கு யாரும் போனைத் திறக்கவே வேண்டாம்னு ஆயிடும். வாட்ஸ்அப்ல 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்கப் பின் வெச்சுக்கோ. 'லிங்க்டு டிவைசஸ்'ல உனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கான்னு மாசம் ஒரு தடவை பாரு.

"வீட்டுக்குள்ள என்ன பூட்டு, என்கிட்ட என்ன மறைக்கிறே"ன்னு கேட்கிற வீடுகள் இருக்கு, எனக்குத் தெரியும். வளர்ந்த மனுஷிக்குத் தன் போனைப் பூட்டி வெச்சுக்கிற உரிமை இருக்கு, அதுக்குக் காரணம் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. பேங்க் போன்லதான் இருக்கு, பூட்டு பேங்குக்குன்னு சொல்லு. அதே மரியாதையை நீயும் வீட்டுக்காரருக்குக் கொடு. ஆனா அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும், என்ன ரத்த வகை, எந்த மருந்து ஒத்துக்காதுங்கிறதை, பூட்டைத் திறக்காமலே தெரியுற 'எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்'ல போட்டு வை. ஆஸ்பத்திரியில அது உயிரைக் காப்பாத்தும்.

இந்தியாவுல 2017-லேர்ந்து விற்கிற போன்கள்ல அவசர பட்டன் வசதி கட்டாயம். ஸ்மார்ட்போன்ல பவர் பட்டனை மூணு தடவை அழுத்தணும், பட்டன் போன்ல 5-ஐயோ 9-ஐயோ அழுத்திப் பிடிக்கணும், 112-க்குப் போகும்னு விதி. சில புது மாடல்கள்ல அஞ்சு தடவை அழுத்துற மாதிரி இருக்கு. உன் போன்ல எப்படின்னு செட்டிங்ஸ்ல பார்த்து வெச்சுக்கோ. தமிழ்நாடு போலீஸோட 'காவல் உதவி' ஆப்பையும் போட்டு வை, பொண்ணுங்க போன்லயும் போட்டுக் கொடு.

பண விஷயத்துல ஒரு விதியை மட்டும் மனசுல பதிய வெச்சுக்கிட்டாலே பாதி மோசடி விலகிடும். யு.பி.ஐ. பின் பணம் அனுப்பத்தான், வாங்க இல்லை. "உங்களுக்குப் பணம் வருது, பின் போடுங்க"ன்னு எவன் சொன்னாலும் கட் பண்ணிடு. கல்யாணப் பத்திரிகைன்னும் டிராஃபிக் அபராதம்னும் வாட்ஸ்அப்ல வர்ற ஏ.பி.கே. ஃபைலைத் திறக்காதே, தெரிஞ்சவங்க நம்பர்லேர்ந்து வந்தாலும் திறக்காதே. இன்னைக்கு ராத்திரி கரென்ட்டைக் கட் பண்ணிடுவோம், இந்த நம்பரைக் கூப்பிடுங்கன்னு வர்ற மெசேஜ் மின்வாரியத்துது இல்லை. வீடியோ கால்ல போலீஸ் உடுப்போட வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"னு மிரட்டினா, அப்படி ஒரு கைது நம்ம சட்டத்துலயே கிடையாதுன்னு தெரிஞ்சுக்கோ. பணம் போயிடுச்சா, அழுதுக்கிட்டு உட்காராதே, வீட்டுல திட்டுவாங்கன்னு மறைக்காதே, உடனே 1930-க்கு அடி. கணக்கு விட்டுக் கணக்கு பணம் தாவுறதுக்குள்ள சொன்னாதான் நிறுத்தி வைக்க முடியும்.

பேட்டரிக்கு எதிரி சூடு. அடுப்புத் திண்டு, ஸ்கூட்டி டிக்கி, தலையணைக்கு அடியில சார்ஜ் போடுறது மூணும் வேண்டாம். பின்பக்கம் உப்பிக்கிட்டா அன்னைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போ. தண்ணியில விழுந்தா ஆஃப் பண்ணித் துடைச்சுக் காத்தாட வை. அரிசியில புதைக்காதே, தூளும் மாவும்தான் உள்ளே போகும்.

கடைசியா, போன் தொலைஞ்சா. முதல்ல வேற போன்லேர்ந்து உன் நம்பருக்கு அடிச்சுப் பாரு, ஆட்டோவுல விட்டிருந்தா எடுத்துப் பேசுவாங்க. பதில் இல்லேன்னா கம்பெனிக்கு அடிச்சு சிம்மை நிறுத்து, பேங்குக்கு அடிச்சு யு.பி.ஐ.யை நிறுத்து. ஸ்டேஷன்ல புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கு. பிறகு டூப்ளிகேட் சிம் எடு. மாத்தின முதல் 24 மணி நேரம் அதுல எஸ்.எம்.எஸ். வராது, பாதுகாப்புக்காக வெச்ச விதி அது, பயப்படாதே. ரசீதையும் ஐ.எம்.இ.ஐ. நம்பரையும் வெச்சு சஞ்சார் சாத்தியில போனையே தடை பண்ணிடலாம், எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் அது வேலை செய்யாது. திரும்பக் கிடைச்சா அங்கேயே தடையை எடுத்துக்கலாம்.

இதுக்கெல்லாம் வேண்டிய நம்பர்கள் தொலைஞ்ச போனுக்குள்ளேயே இருந்தா என்ன பண்ணுவே? ஒரு நோட்டு எடு. ஐ.எம்.இ.ஐ., சிம் கம்பெனியோட கஸ்டமர் கேர், பேங்க் ஹாட்லைன், 1930, 112, மனப்பாடமாத் தெரியாத நெருங்கினவங்க நாலு பேரோட நம்பர்னு எல்லாத்தையும் பேனாவால எழுது. பின் நம்பரையும் பாஸ்வேர்டையும் மட்டும் அதுல எழுதாதே. அம்மாவுக்கும் ஒண்ணு எழுதிக் கொடு. நாளைக்குன்னு தள்ளிப் போடாம இன்னைக்கு ராத்திரியே எழுதிடு, தங்கச்சி.